காலேஜுக்கு முன்பணம் கட்டலாமா?

பிளஸ் டூ பரீட்சை முடிந்து முடிவு வெளியாவதற்கு முன்னமேயே, செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சில தனியார் காலேஜுகளின் தரகர்கள் வீடு வீடாய் நுழைந்துவிடுகிறார்கள். "இன்னும் நாலு இடந்தான் பாக்கி, இன்றே பணம் கட்டினால் சலுகை, நாளை வந்தால் இல்லை" என்பதுதான் இவர்கள் ஓதும் மந்திரமாகும். இதைக் கேட்டு மிரண்ட தகப்பனார், வீட்டிலுள்ள நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டி, பிள்ளையின் சர்ட்டிபிகேட்டுகளையும் ஒப்படைத்துவிட்டு வருகிறார். பிறகு நல்ல மார்க்கு வந்து சர்க்கார் காலேஜில் இடம் கிடைப்பதாயிருந்தாலும், கட்டிய பணம் போய்விடுமே என்று அங்கேயே பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்.

இது அறிவுக்குப் பொருத்தமா என்று கேட்கின்றோம். செஞ்சிக் கமிட்டிக்கு நெல் மூட்டை கொண்டுவரும் குடியானவர், வியாபாரிகள் பலரும் விலை எழுதிப் போட்ட பிறகல்லவா விற்கச் சம்மதிக்கிறார்? ரோட்டில் வழிமறித்த முதல் ஆளுக்கு அவன் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டால் ஊரார் சிரிக்கமாட்டார்களா? நெல்லுக்கு உள்ள யோசனை பிள்ளையின் 4 வருஷப் படிப்புக்கு வேண்டாமா?

இந்த அவசரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பேர்பெற்ற யூனிவர்சிட்டிகள் பலவற்றில் ஒரு வழக்கமுண்டு. மாணவன் ஒரே ஒரு யூனிவர்சிட்டியைத் தேர்ந்தெடுத்து, "இடம் கொடுத்தால் இங்கேயே சேருவேன்" என்று பெரும்பாலும் நவம்பர் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் முடிவு வரும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். உதவித்தொகை போதாவிட்டால் விலகலாமென்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் வேறிடத்தில் எவ்வளவு உதவி கிடைக்குமென்று ஒப்பிட்டுப் பார்க்க ஏழைக்கு வழியில்லை. பணக்காரனுக்கோ ஒப்பிடவேண்டிய அவசியமே இல்லை. ஹார்வர்டில் இருந்த முறை இவ்வளவு கட்டுப்பாடில்லாதது. அப்படியிருந்தும், முன்கூட்டிய சேர்க்கை வசதியுள்ளவர்களுக்கே சாதகமாயிருக்கிறதென்று சொல்லி, அதை நிறுத்துவதாக 2006-இல் ஹார்வர்டு அறிவித்தது. 2011-இல் திரும்பவும் கொண்டுவந்துவிட்டது. கெடுதல் என்று ஒப்புக்கொண்டவர்களாலேயே விடமுடியவில்லையென்றால், யாருடைய சவுகரியத்துக்காக இம்முறை நடக்கிறதென்று சொல்லவும் வேண்டுமோ?

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டு இல்லை. இஞ்சினீயரிங் கவுன்சிலிங்கில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றின் மார்க்கை 200-க்குக் கணக்கிட்டு வரிசை போடுகிறார்கள். பட்டணத்துப் பயிற்சி வகுப்புக்காரருக்கு உதவிய நுழைவுத் தேர்வு 2007-ஆம் வருஷச் சேர்க்கையிலிருந்தே ஒழிந்துவிட்டது. 69 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவிகித இடமும், அவ்விடம் பெற்றவர்களுக்குச் சர்க்காரே கட்டணம் ஏற்கும் ஏற்பாடும் உண்டு. எத்தனை காலேஜுகளை வேண்டுமானாலும் வரிசையாகக் குறிக்கலாம். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். ஆகவே, பயந்துகொண்டு சிறியதை முதலில் எழுதவேண்டியதில்லை. உண்மையில் விரும்புவதையே முதலில் எழுதலாம்.

இப்படியிருக்க, முன்பணம் கட்டுவானேன்? கட்டிவிட்டவர்களும் மனமொடிய வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, அசல் சர்ட்டிபிகேட்டுகளைப் பிடித்துவைக்க எந்தக் காலேஜுக்கும் உரிமையில்லை. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5 சதவிகிதத்துக்கும் 5,000 ரூபாய்க்கும் மேற்படாத தொகையைக் கழித்துக்கொண்டு கட்டணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள், ரசீதைக் கைவிடாதீர்கள்.

மற்றொரு வேடிக்கையையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. எந்தக் காலேஜ் என்று சோசியரைக் கேட்பதும், ராகுகாலம் கழித்து கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டுவதும் படித்தவர்கள் வீட்டிலேயே நடக்கின்றன. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் மார்க்கும், வகுப்பும், நீங்கள் எழுதிய வரிசையுமே தவிர ராகுவுமல்ல, கேதுவுமல்ல. சோசியரைக் கேட்பதைவிட, அந்தக் காலேஜில் படித்து வெளிவந்த நம்மூர்ப் பிள்ளையை, பாடம் எப்படி, வேலை கிடைத்ததா, வருஷத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பது ஆயிரம் மடங்கு மேலாகும்.

பணமுள்ளவன் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மறுபடியும் தேர்ந்தெடுத்துக்கொள்வான். நம்மவர்களுக்குக் கிடைப்பது ஒரே தடவைதான். ஆதலால் தரகனுடைய அவசரத்துக்கு நாம் ஓடவேண்டாம். மார்க்கு வரட்டும், எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்ப்போம், பிறகு கையெழுத்துப் போடுவோம் என்பதே நமது அபிப்பிராயமாகும்.