சீட்டு கையில... மூட்டை குடோன்ல!

70 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே பைக்ல கொல்லிமலை ஏறினவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. ஆகாய கங்கையில குளிச்சுட்டு அப்படியே இறங்கிடாதீங்க. அடுத்த தடவை சோளக்காடு சந்தையிலயும் கொஞ்ச நேரம் நில்லுங்க. ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல உதைக்கிற ஒரு விஷயம் அங்கே சுலபமா புரியும்.

சந்தைக்குப் பக்கத்துல ஒரு குடோன் இருக்குன்னு வச்சுக்குவோம். ஒரு வியாபாரி 50 மூட்டை மிளகை உள்ளே அடுக்கிட்டு, சீட்டை மட்டும் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஹாயா டீ குடிக்கிறார். மூலையில இன்னொருத்தர் நாலு பலாப்பழத்தோட உட்கார்ந்திருக்கார். குடோன் நிறைஞ்சு போச்சு. காவல்காரர் வந்து யார் கையில சரக்கு அதிகம்னு பார்க்கிறார். சீட்டுக்காரர் கை காலி. பலாப்பழக்காரர் அவுட்!

லினக்ஸ் கெர்னல்லயும் இந்த அநியாயம் நடக்குது. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்தா, கெர்னல் அதுக்கு ஒரு நம்பர் கொடுக்கும். 0, 1, 2 வழக்கமா ஏற்கெனவே புக் ஆகியிருக்கும். உங்களுக்கு 3 கிடைக்கும். அதுதான் சீட்டு, அதாவது ஃபைல் டிஸ்கிரிப்டர். திறந்த ஃபைலுக்காக கெர்னல் எழுதி வைக்கிற பதிவு சின்னது, சுமார் 200 பைட். பிரச்னை சீட்டுல இல்லை, மூட்டையில! லினக்ஸ்ல 'ஃபைல்'னா ஹார்ட் டிஸ்க்ல இருக்கிறது மட்டும் இல்லையே. கிராஃபிக்ஸ் டிரைவர்கிட்ட மெமரி வாங்குறதும் ஃபைலைத் திறந்துதான். ஒரு கேம் அந்த வழியில நூற்றுக்கணக்கான எம்.பி. வாங்கினாலும், 'டாப்' கமாண்டுல அது முழுசா தெரியாது. எல்லா புரோகிராமையும் கூட்டிப் பார்த்தா, காணாமப் போன ரேம் கணக்குல உதைக்கும்.

ரேம் சுத்தமா தீர்ந்தா 'ஓ.ஓ.எம். கில்லர்' வரும். அதுதான் நம்ம காவல்காரர். ஒவ்வொரு புரோகிராமும் வச்சிருக்கிற ரேம், ஸ்வாப், பேஜ் டேபிள் மூணையும் கூட்டி, பெரிய ஆளைப் போட்டுத் தள்ளும். ஃபைலுக்குப் பின்னாடி இருக்கிற மூட்டை இந்தக் கணக்குல வராது. கேம் தப்பிச்சுக்கும், விடிய விடிய ஓடின உங்க புராஜெக்ட் காலி!

2011-ல தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல விண்டோஸோட, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. ரேம் 2 ஜி.பி. அந்த மாதிரி மெஷின்ல கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி ஏது? அதுவும் அதே 2 ஜி.பி.யிலதான் பங்கு கேட்கும். மலை மேல அதை வச்சுப் படிக்கிற பொண்ணுக்கு இந்தக் கணக்குப் பிழை வெறும் தியரி இல்லீங்க.

2022-ல ஏ.எம்.டி. இன்ஜினியர் கிறிஸ்டியன் கோனிக் ஒரு யோசனை சொன்னார். தன் பின்னாடி எவ்வளவு மெமரி இருக்குன்னு ஒவ்வொரு ஃபைலும் தானே சொல்லட்டும், கில்லர் அதையும் கூட்டிக்கட்டும்னார். நல்ல யோசனைதான். ஆனா எதிர்த்தவங்க கேள்வியும் நியாயம்தான். ஒரே சரக்குக்கு அண்ணன்கிட்ட ஒரு சீட்டு, தம்பிகிட்ட ஒரு சீட்டுன்னா யார் தலையில எழுதறது? தம்பியைத் துரத்தினா மூட்டை நகருமா? அண்ணன் சீட்டு இருக்கிற வரைக்கும் நகராதே!

ஆனா கண்ணால பார்க்க வழி வந்தாச்சு. 'ப்ராக்' டைரக்டரியில புரோகிராம் நம்பருக்குள்ள 'எஃப்.டி.இன்ஃபோ'ன்னு ஒரு இடம் இருக்கும். புதிய கெர்னல்ல பல கிராஃபிக்ஸ் டிரைவர்கள் தங்கள் மெமரி கணக்கை அங்கே எழுதுது. 2025-ல வந்த 6.14 கெர்னல்ல, டிவைஸ் மெமரிக்கு குரூப் வாரியா லிமிட் போடவும் வசதி வந்துடுச்சு.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரேம்லயே இருக்கிற 'டெவ்-எஸ்.எச்.எம்.' டைரக்டரியில ஒரு பெரிய ஃபைலை டெலீட் பண்ணிட்டீங்க, ஆனா புரோகிராம் அதை இன்னும் மூடலைன்னா, போனது பேர் மட்டும்தான். ரேம் திரும்பி வராது. அடுத்த தடவை ரேம் மாயமானா, 'எல்.எஸ்.ஓ.எஃப்.' கமாண்டை '+எல்1' சேர்த்து ஓட்டுங்க. பேர் அழிஞ்சும் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஃபைல் எது, சீட்டு யார் கையில... ரெண்டும் அதுல வரும்.