முப்பத்தோராம் பக்கம்

பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் 'வளரிளம் பருவமும் மதுவும்' என்று புராஜெக்ட் வைத்தான். முப்பது பக்கம் இணையத்திலிருந்து எடுத்தது. கல்லீரல் படம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். "நீட்டா இருக்கு, இருபதுக்கு இருபது போடுங்க சார்" என்றார் சக ஆசிரியர்.

முப்பத்தோராம் பக்கம் பென்சிலில் இருந்தது. மாமா கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மொட்டை மாடியில், சித்தப்பா பாட்டில் மூடியில் ஊற்றி நீட்டினாராம். "ஆம்பளப் புள்ளதானடா." அப்போது அவன் எட்டாம் வகுப்பு.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். கடையில் அப்படி ஒரு போர்டு மாட்டிவிடலாம். மொட்டை மாடிக்கு யார் போர்டு மாட்டுவது? நாமோ, கெட்ட சகவாசம், சினிமா என்று வெளியிலேயே குற்றவாளியைத் தேடுகிறோம்.

வடிவமைப்புக்கு ஐந்து, தரவுக்கு ஐந்து என்று அச்சடித்த மதிப்பெண் தாளில் உண்மைக்குக் கட்டம் இல்லை. நான் பதினெட்டு போட்டேன்; காப்பி அடித்த பக்கங்களுக்காக இரண்டு குறைத்தேன். அந்தப் பென்சில் பக்கத்தை மட்டும் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஃபைல் ஆபீஸுக்குப் போனால் நாலு பேர் படிப்பார்கள்.

சித்தப்பாக்களே, அடுத்த கல்யாணத்தில் அந்த மூடியைக் கீழே வையுங்கள்.