வண்டிக்குக் கணக்கு உண்டு, டிரைவருக்கு?

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், மாசத்தில் பாதி நாளுக்கு மேல் ரோட்டிலேயே குடித்தனம் நடத்தும் டிரைவர்கள் ஏராளம். கேபின்தான் படுக்கையறை, ஸ்டவ்வும் குக்கரும் அதிலேயே.

டீசல், பஞ்சர், ஏற்றுக்கூலி எல்லாம் டிரிப் நோட்டில் பைசா சுத்தமாக ஏறும். அது முதலாளிக்குக் காட்டும் கணக்கு. ஆனால் டீ, சோறு, குளியல், மருந்து? அது பேட்டாவில் கரைந்துபோகும், எழுதுவார் இல்லை.

2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. டோல்கேட்டில் காசு எண்ணிக் கொடுக்கும் வேலை போயிற்று. கையிலுள்ள காசில் வண்டிச் செலவு எது, வயிற்றுச் செலவு எது என்று பிரிப்பது இன்று சுலபம். நடுவில் ஒரு கோடு போட்டால் போதும்.

எதுக்கு இதெல்லாம் என்கிறீர்களா? லோடு கிடைக்காமல் மூணு நாள் வண்டி நின்றாலும் பசி நிற்காது. அந்த நாளும் செலவும் எழுத்தில் இருந்தால்தான் ‘பேட்டா பத்தலை’ என்று நிமிர்ந்து கேட்க முடியும். வாய்ப்பேச்சு எடுபடாது.

தரமணி லேபில் எஞ்சின் குடிக்கும் எண்ணெய்க்குக் கணக்குப் போடும் நாம், அதை ஓட்டுகிறவருக்கும் போடுவோம். தெரிந்த டிரைவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நாமே எழுதுவோம். படித்த படிப்புக்கு அதுதான் முதல் மரியாதை!