தொட்டில் ஒரு கணக்கு, ஜெயில் ஒரு கணக்கு

பெண் சிசுக்கொலை என்றாலே 'பெத்தவளைத் தூக்கி உள்ளே போடு' என்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தண்டனைக்குப் பயந்து குற்றம் குறையும் என்பது பழைய கணக்கு. பிரசவித்த மூன்றாம் நாள், புருஷனும் மாமியாரும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் கிடப்பவள் சட்டப் புத்தகத்தையா நினைப்பாள்? சீர், காதுகுத்து, வரதட்சணை என்று நீளும் செலவுதான் கண்ணில் நிற்கும்.

1992-ல் நம்ம சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே, அது வேறு கணக்கு. 'கொல்லாதே, எங்களிடம் கொடு' என்றது அரசு. 'தூக்கிப் போட வழி காட்டுறாங்க' என்று குறை சொன்னவர்களும் உண்டு. உயிர் பிழைத்த பிள்ளைகளுக்கு அந்தக் குறை பெரிசா என்ன?

ஸ்கேன் சென்டர் சமாச்சாரம் அப்படியில்லை. அங்கே லாப நஷ்டம் பார்த்துத்தான் தப்பு நடக்கிறது. அங்குதான் தண்டனை பலிக்கும். இதற்கான 1994-ம் வருடச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம். ஆணா பெண்ணா என்று பார்க்க வந்தவளைக் கணவனோ உறவினரோதான் கட்டாயப்படுத்தினார்கள் என்றே, மாறாக நிரூபிக்கும்வரை, கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். சிசுக்கொலை வழக்கில் அப்படி ஒரு வரி கிடையாது. கள்ளிப்பாலை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று போலீஸ் முதலில் அந்த வீட்டு ஆம்பளைகளைக் கேட்கட்டும்.

– ஒரு வாசகி, ராசிபுரம்