பனிக்கட்டி சொல்லும் பாடம்

ஐஸ் ஹாக்கியைப் பற்றி இவ்வாரம் எழுதப் போகிறோம் என்று நாம் சொன்னதும், வீட்டிலுள்ளோர் நமது தேக சௌக்கியத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டனர். அவர்கள் மீது குற்றமில்லை. கொடுங்கையூரில் வசிப்பவர்களுக்கு ஐஸ் என்றால் காசிமேட்டு மீன் பெட்டியில் கிடப்பதுதான். சித்திரை வெயிலில் அது தெருமுனையைத் தாண்டுவதற்குள் பாதி தண்ணீராய்ப் போய்விடும். அதன் மேல் பிள்ளைகள் ஓடி விளையாடுவதாவது!

ஆயினும், இவ்விளையாட்டு நம் தேசத்தில் வேரூன்றிய சரித்திரத்தில் வட சென்னைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. நமக்கு ஒரு பெரிய பாடமும் உண்டு.

முதலில் விளையாட்டு இன்னதென்று சொல்லிவிடுவோம். கேரம் பலகை ஒன்றை 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ளதாகப் பெருக்கிக் கொள்ளுங்கள். பலகைக்கும் பவுடருக்கும் பதிலாக வழவழப்பான பனிக்கட்டித் தளம். காய் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு. பூட்ஸின் அடியில் கத்தி போன்ற தகட்டைப் பொருத்திக்கொண்டு, கட்சிக்கு ஆறு பேர் சறுக்கிச் சென்று, கையிலுள்ள மட்டையால் அவ்வட்டை எதிரியின் வலைக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான்!

1875-ஆம் வருஷம் மார்ச் 3-ந் தேதி கனடாவின் மான்ட்ரீல் நகரில், கட்டடத்துக்குள் நடந்த முதல் ஆட்டம் பகிரங்கமாக அரங்கேறியது. பிற்பாடு அத்தேசத்தில் இளைஞர்களுக்கென்று பிராந்தியந்தோறும் லீக்குகள் தோன்றின. அவற்றில் வெற்றி பெறும் வாலிபர் கட்சிகளுக்காக 1919-ஆம் வருஷத்தில் மெமோரியல் கோப்பை ஏற்படுத்தப்பட்டது. முதல் உலக யுத்தத்தில் மாண்ட கனடிய வீரர்களின் ஞாபகார்த்தக் கோப்பை அது. அங்கே புகழ் பெற்ற ஆட்டக்காரர்களில் அநேகர் இத்தகைய ஊர் லீக்குகளில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்களே.

இனி நம் தேசத்துக்கு வருவோம். சிம்லாவில் 1920-ஆம் வருஷத்திலேயே ஆங்கிலேயர் ஒரு சறுக்கு மைதானம் அமைத்தனர். எனினும் ஐஸ் ஹாக்கி ஜனங்களின் விளையாட்டாக மாறிய இடம் லடாக்தான். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், குளிர் காலத்தில் குளங்கள் உறைந்துவிடுகின்றன. அங்கு முகாமிட்டிருந்த பட்டாளத்தாரைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகளும் ஆடத் தொடங்கினர். கடையில் சறுக்குப் பூட்ஸ் கிடைக்காத நாளில், பட்டாளத்துப் பழைய பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக் கொண்டனராம்! இரவில் திடலில் தண்ணீரைப் பாய்ச்சி வைத்து, விடியற்காலையில் அது உறைந்ததும் ஆடினர். 1985-இல் லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் பிறந்தது. 1989-இல் இந்திய ஐஸ் ஹாக்கிச் சங்கம் சர்வதேச சம்மேளனத்தில் அங்கத்தினராயிற்று.

பெண் குழந்தைகளின் கதைதான் நம் உள்ளத்தை உருக்குகிறது. தளம் கிடைப்பதே அவர்களுக்கு அரிதாக இருந்தது. அப்படியும் 2016-ஆம் வருஷத்தில், பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டிக்கொண்டு, நமது பெண்கள் கட்சி முதன்முதலாகத் தைப்பே நகருக்குச் சென்றது, தோற்றுத் திரும்பியது. மறு வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் கட்சியை 4-3 என்ற கணக்கில் வென்றது. 2025-இல் அல் அயின் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பியது. இவர்களில் பெரும்பாலோர் லடாக்கின் பெண்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. வட சென்னையின் பங்கு எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். 1950-களில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய என்பீல்டு கம்பெனியைத் தெரியாதவர் யார்? அந்த ராயல் என்பீல்டின் பெயரால், 2024 ஜனவரியில், லேயில் ஐஸ் ஹாக்கி லீக் ஒன்று ஆரம்பமாயிற்று. லடாக்கின் பல பகுதிகளிலிருந்து ஆண், பெண் இரு பாலாரின் கட்சிகளும் அதில் ஆடின. 2025-இலும் அது நடந்தது. எப்போதோ ஒரு நாள் பந்தயம் ஆடிக் கலைந்து போகாமல், வருஷந்தோறும் காத்திருந்து ஆட ஒரு லீக் இருப்பதுதான் இளைஞருக்கு உரமும் ஊக்கமும் ஆகும்.

ஆனால் ஒரு விசனம். இயற்கைப் பனிக்கட்டி அங்கே இரண்டு மாதம் நிலைப்பதே பெரிது. பூமி வெப்பமடைய வெப்பமடைய அந்நாட்களும் குறைகின்றன. இயந்திரத்தால் உறைய வைக்கும் தளங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. எவ்வளவு ஊக்கம் இருந்தாலும், ஆட இடம் இல்லாவிட்டால் விளையாட்டு ஏது?

இதுவே நாம் கற்க வேண்டிய பாடம். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்து மோகம் ஊரறிந்தது. திறமைக்கு இங்கே பஞ்சமில்லை, திடலுக்குத்தான் பஞ்சம். நமது கொடுங்கையூரில் 250 ஏக்கருக்கு மேற்பட்ட பூமி குப்பை மேட்டின் அடியில் கிடக்கிறது. குப்பையைப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை தொடங்கியிருக்கிறது. மீளும் அந்நிலத்தில் ஒரு மூலையேனும் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். லடாக்கின் பிள்ளைகள் இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சித் தங்கள் திடலைத் தாங்களே உண்டாக்கிக் கொண்டார்கள். நமது பிள்ளைகளுக்குத் தண்ணீர் உறைய வேண்டியதில்லை. பெரியவர்களின் மனம் இளகினால் போதும்!