மழை வந்தாச்சு... ஆனா ஏலத்தோட்டத்தில் வெயில் இன்னும் முடியலை!

2024 மே நடுவில் கோடை மழை இறங்கியதும் தேனி மாவட்டமே 'அப்பாடா' என்றது. போடிமெட்டில் மேகம், கையில் சூடா டீ, ஸ்டேட்டஸில் மழை வீடியோ. வெயில் செய்தி அதோடு முடிஞ்சுபோச்சு.

ஏலக்காய்க்கு அந்தக் கணக்கு வேற. பூச்சரம் செடியின் அடியிலிருந்து கோடைக்கு முன்பே கிளம்பிவிடும். அது பூத்து, காயாகி, பறிப்புக்கு வர மாதங்கள் ஆகும். அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் மழையில்லாமல் இடுக்கி மலையில் செடிகள் கருகின. பிறகு பெய்த மழை மண்ணை நனைக்கும். காய்ந்த சரத்தில் காய் பிடிக்க வைக்காது. அதனால் வெயிலின் அடி தெரிவது ஆகஸ்டுக்கு மேல், பறிப்பு சீசனில்தான். ஊரே ஜில்லுனு இருக்கும்போது!

அப்போ நட்டம் யாருக்கு? தோட்டக்காரருக்கு நிச்சயம் உண்டு. ஆனால் வரத்து குறைந்தால் போடி ஏல மையத்தில் விலை ஏறும். மிஞ்சிய காய்க்காவது நல்ல காசு கிடைக்கும். பேரிடர் நிவாரணமும் ஹெக்டேர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்கே போகும். விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்பில் மலையேறும் பறிப்புப் பெண்களுக்கு ஹெக்டேரும் இல்லை, விலையேற்றமும் இல்லை. காய் இல்லையா, அன்றைக்குக் கூலியும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல்: வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளாவில். வெயில் என்னவோ செக்போஸ்ட் பார்ப்பதில்லை, நிவாரணம் பார்க்கிறது. தேனி, இடுக்கி நிர்வாகங்கள் சேர்ந்து இந்தத் தொழிலாளர்களின் பொதுப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, கருகிய ஏக்கரோடு இழந்த வேலை நாட்களையும் எண்ண வேண்டும். அதையும் மே மாதத்தில் அல்ல, பறிப்பு மாதங்களில்.