பம்பின் மீது விழுந்த பழி



பட்டாபிராமிலிருந்து சி.டி.எச். சாலை வழியாகச் சென்னைக்குள் சென்றுவரும் நம் பழைய பெட்ரோல் கார், சென்ற கோடையில் ஒரு புது வழக்கத்தை மேற்கொண்டது. சமதரையில் ஒழுங்காக ஓடும். மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் மூச்சிரைத்துத் தயங்கும். ஒரு பட்டறையில் காட்டினோம். மூடியைத் திறந்து பார்த்தவுடனேயே, "பெட்ரோல் பம்பு போய்விட்டது" எனத் தீர்ப்புக் கூறினர். புதுப் பம்பு பொருத்தப்பட்டது, வடிகட்டியும் மாற்றப்பட்டது. பல ஆயிரம் ரூபாய் கரைந்தது. மேம்பாலத்தில் கார் மீண்டும் தயங்கியது!

அம்பாசடர் கார்களின் காலத்தில் இத்தகைய நோய்க்கு வைத்தியம் எளிது. இஞ்சினே இயக்கும் சிறிய பம்பு. அதன் அழுத்தம் கால் பார் அளவே. கடும் வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்தால், ஈரத்துணியைப் பம்பின் மீது போர்த்திவிட்டு நிழலில் சற்று நின்றால் போதும். இன்றைய பெட்ரோல் கார்களிலோ பம்பு தொட்டிக்குள் மூழ்கியிருக்கும், மின்சாரத்தால் சுழலும். பெரும்பாலானவற்றில் அழுத்தம் 3 பார் முதல் 4 பார் வரை. இதனைக் கண்ணால் காண இயலாது. அளந்தே அறிய வேண்டும். அந்தப் பட்டறையில் அளக்கவே இல்லை என்பதுதான் நம் மனத்தாங்கல்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி இஞ்சின்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர் நமக்குக் கைகொடுத்தார். முதலில் சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமல் செவிமடுக்கச் சொன்னார். பின்னிருக்கையின் அடியில் ஓரிரு நொடிகள் ரீங்காரம் கேட்டது, பம்பு சுழல்கிறது. அடுத்துத் தொட்டியின் மூடியைத் திறந்தார். காற்றுத் துளை அடைபட்டிருந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயுமாம். அப்படி ஒன்றும் இல்லை. பின்னர் பம்பின் பியூசைக் கழற்றி, இஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தணித்தார். அதன் பிறகே அழுத்தமானியை இணைத்தார். இவ்வரிசையை மீறிக் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் சூடான இஞ்சினின் மீது பீறிட்டுத் தீப்பற்றும்.

நின்ற நிலையில் முள் 3 பாரைக் காட்டியது. "நிற்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் ஐயா, சுமையில் பார்ப்போம்" என்றார். அழுத்தமானியை முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில், உள்ளிருந்து தெரியுமாறு கட்டிவிட்டுப் பாலம் ஏறினோம். முள் 2-க்கும் கீழே சரிந்தது.

இவ்வாறு சரிவதற்குக் காரணங்கள் பல. வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; குழாய் நசுங்கியிருக்கலாம்; பம்பு தளர்ந்திருக்கலாம். முன்னதும் பின்னதும் புதியவை. குழாயைத் தடவிப் பார்த்தார், பழுதில்லை. பிறகு இஞ்சின் ஓடும்போதே மின்னழுத்தத்தை அளந்தார். பாட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட். பம்பின் முனையிலோ 10 கூட இல்லை. பின்னிருக்கையின் கீழே பம்பின் எர்த் கம்பி, எந்த மழைக்காலத்தில் புகுந்த நீராலோ, துருவேறிப் பச்சை பூத்திருந்தது. மின்சாரம் குறைந்ததால் பம்பு மெல்லச் சுழன்றது. நிற்கும்போது இஞ்சினின் தேவை சிறிது. ஆகவே குறை தெரியவில்லை. ஏற்றத்தில் வெளிப்பட்டுவிட்டது.

துருவைச் சுரண்டிப் புது முனை பொருத்த அரைமணி நேரமும் ஐம்பது ரூபாய்க்குள்ளான செலவுமே ஆயின.

டீசல் கார் வைத்திருப்போருக்கு ஒரு சொல். இக்கால டீசல் இஞ்சின்களில் அழுத்தம் 1000 பாரையும் தாண்டும். நூலிழை போன்ற கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே புகும். அதனை நாமோ, கருவியற்ற பட்டறையோ தொடலாகாது.

பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். கழற்றிய பழைய பம்பை மட்டும் கேட்டு வாங்கி, நேரே பாட்டரியில் இணைத்துப் பார்த்தார். அது சீராகவே சுழன்றது.